தண்ணீரைக் கெடுத்த குட்டி எண்!

வேதியியல் பரீட்சையில் சமன்பாடு எழுதி, இரண்டு பக்கமும் அணுக்களை எண்ணிப் பார்த்தாச்சு. கணக்கு சரி. ஆனாலும், டீச்சர் சிவப்பு மையில் தப்பு போட்டுவிட்டார். ஏன்? கண்டுபிடிப்போமா?

ஹைட்ரஜன் (எச்), ஆக்சிஜனோடு (ஓ) சேர்ந்து எரிந்தால் தண்ணீர் கிடைக்கும். அதை அப்படியே எழுதினால்...

எச்₂ + ஓ₂ → எச்₂ஓ

இடப்பக்கம் ஆக்சிஜன் அணுக்கள் இரண்டு. வலப்பக்கம் ஒன்றுதான். இன்னொன்று எங்கே போச்சு? வேதிவினையில் அணு காணாமல் போகாது. வினைக்கு முன்னும் பின்னும் மொத்த எடை மாறாது என்று, பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி லவாய்சியர் 1789ல் வெளியிட்ட புத்தகத்தில் எழுதியிருக்கிறார். தராசில் நிறுத்துப் பார்த்துச் சொன்ன உண்மை இது!

'ப்பூ... இவ்வளவுதானா! வலப்பக்கம் ஓவுக்குக் கீழே ஒரு 2 போட்டால் முடிந்தது' என்று எச்₂ஓ₂ என எழுதினால், எண்ணிக்கை சரியாகிவிடும். ஆனால், அது தண்ணீரே இல்லை. ஹைட்ரஜன் பெராக்சைடு! துணியை வெளுக்கப் பயன்படும் ரசாயனம். குடித்தால் வயிறு புண்ணாகிவிடும்.

கீழே இருக்கும் குட்டி எண், 'இது என்ன பொருள்' என்று சொல்கிறது. அதைத் தொடவே கூடாது. முன்னால் போடும் பெரிய எண், 'எத்தனை மூலக்கூறு' என்று சொல்கிறது. அதை மட்டும்தான் மாற்றலாம். இரண்டு இட்லி வேண்டுமென்றால், தட்டில் இன்னொரு இட்லி வைப்போம். மாவில் உளுந்தை மட்டும் இரண்டு மடங்கு போடுவோமா?

அதனால், எச்₂ஓவுக்கு முன்னால் 2 போடுங்கள். ஆக்சிஜன் சரியாகிவிட்டது. ஆனால், வலப்பக்கம் ஹைட்ரஜன் நான்காகிவிட்டதே! இடப்பக்க எச்₂வுக்கு முன்னாலும் 2 போட்டால்...

2எச்₂ + ஓ₂ → 2எச்₂ஓ

ஹைட்ரஜன் 4 - 4. ஆக்சிஜன் 2 - 2. சபாஷ்!

இனி எந்தச் சமன்பாட்டையும் மூன்று கேள்வி கேட்டு மடக்குங்கள்:

1. குட்டி எண்களை மாற்றாமல், பொருளின் வாய்பாடு சரியாக இருக்கிறதா?

2. ஒவ்வொரு தனிமமும் இரண்டு பக்கமும் சமமா?

3. முன்னால் உள்ள எல்லா எண்களையும் ஒரே எண்ணால் வகுக்க முடிகிறதா? 4, 2, 4 என்று வந்தால் 2, 1, 2 என்று சுருக்குங்கள்.

இப்போது உங்கள் முறை! உரம் தயாரிக்க உதவும் அம்மோனியா, நைட்ரஜனும் (என்) ஹைட்ரஜனும் சேர்ந்து உருவாகிறது. இதில் தப்பு எங்கே?

என்₂ + 3எச்₂ → என்எச்₃

விடை: என்எச்₃க்கு முன்னால் 2 வேண்டும். அப்போது இரண்டு பக்கமும் நைட்ரஜன் 2, ஹைட்ரஜன் 6. குட்டி எண்ணைத் தொடாமலே கண்டுபிடித்தீர்களா? அப்படியென்றால், நீங்கள்தான் குட்டி லவாய்சியர்!