பேய்ச் சுரமும் கல்யாணச் சுரமும்

தெலுக் பங்லிமா காராங், கேரித் தீவு, பந்திங் வட்டாரங்களில் வாழும் நம் மக்களில் பெரியவர்கள், கோயில் திருவிழாவில் நாதஸ்வரமும் பஜனையும் கேட்டு வளர்ந்தவர்கள். பிள்ளைகளில் சிலருக்கோ 'ஹெவி மெட்டல்' என்னும் மேல்நாட்டு இசைமேல் ஆசை. மின்சாரக் கித்தார் உறுமத் தொடங்கியதும், "இது என்ன பேய்ப் பாட்டு? அடைத்து வை!" என்று வீட்டில் சத்தம் எழுகிறது. 2001-ஆம் ஆண்டில் 'பிளாக் மெட்டல்' இசையைக் கேட்கும் இளைஞர்களைப் பற்றி நம் நாட்டிலேயே பெரிய பரபரப்பு உண்டானது.

பேய்ப் பாட்டு என்ற பேச்சுக்கு ஓர் ஆதாரம் உண்டு. மேல்நாட்டார் 'இசையிலுள்ள சாத்தான்' என்றே பெயர் வைத்த ஒரு சுர இடைவெளி இருக்கிறது. ஹெவி மெட்டல் இசைக்கு அது மிகவும் வேண்டியது. ஆனால் அதே இடைவெளிதான் நம் கல்யாண வீட்டு நாதஸ்வரத்திலும் ஒலிக்கிறது. ஒரே ஒலி அங்கே சாத்தானாகவும் இங்கே மங்கலமாகவும் இருப்பது எப்படி? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

ஒரு ஹார்மோனியப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். ஒரு கட்டையை ஸட்ஜமமாக, அதாவது 'ஸ' என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து மேல் ஸட்ஜமம்வரை வெள்ளை, கறுப்பு என எல்லாக் கட்டைகளையும் எண்ணினால் பன்னிரண்டு படிகள் ஏற வேண்டும். சரி பாதியான ஆறாவது படியில் நிற்பது நாலரைக் கட்டை. நம் சங்கீதத்தில் இதற்குப் பிரதி மத்தியமம் என்று பெயர். இதற்குக் கீழ்ப்படி சுத்த மத்தியமம், மேல்படி பஞ்சமம்.

இப்போது ஒரு கட்டையையும் ஐந்து கட்டையையும் சேர்த்து அழுத்துங்கள். ஸட்ஜமமும் பஞ்சமமும் பாலும் சர்க்கரையும்போல் கலந்து கேட்கும். பிறகு ஒரு கட்டையையும் நாலரைக் கட்டையையும் சேர்த்து அழுத்துங்கள். ஒலி உரசும், காதுக்கு அமைதி வராது.

இதற்குக் காரணம் அதிர்வுகளின் கணக்கு. ஸட்ஜமம் 2 முறை அதிரும் நேரத்தில் பஞ்சமம் 3 முறை அதிர்கிறது. பிரதி மத்தியமத்துக்கு நூல்கள் கூறும் கணக்குகளில் ஒன்று 32-க்கு 45. ஒரே உரலில் இரண்டு பெண்கள் உலக்கை போடுவதை நினைத்துப் பாருங்கள். ஒருவர் 2 குத்துக் குத்தும்போது மற்றவர் 3 குத்துக் குத்தினால், இருவர் கையும் அடிக்கடி ஒன்றுகூடும். ஒருவர் 32, மற்றவர் 45 என்றால் எப்போது ஒன்றுகூடுவது? காது அந்த ஒழுங்கைப் பிடிக்க முடியாமல் தவிக்கிறது.

கம்பியிலும் இதைக் காணலாம். 90 சென்டிமீட்டர் நீளமுள்ள கம்பியை மீட்டினால் வருவதை ஸட்ஜமம் என்று கொள்வோம். விரலை வைத்து 60 சென்டிமீட்டர் மட்டும் அதிரச் செய்தால் பஞ்சமம். 64 சென்டிமீட்டர் அதிர்ந்தால் பிரதி மத்தியமம். நான்கு சென்டிமீட்டர் வித்தியாசம், இனிமையை உறுத்தலாக மாற்றிவிடுகிறது.

ஐரோப்பாவில் இடைக்காலத்துப் பாடகர்கள் இந்த இடைவெளியைத் தவிர்த்தார்கள். பாடுவதற்குக் கடினம், பல குரல்கள் ஒரே நேரத்தில் பாடும்போது உறுத்தல் இன்னும் கூடும். 'இசையிலுள்ள சாத்தான்' என்ற பெயர் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து இசை நூல்களில் காணப்படுகிறது. இதைப் பாடியவர்களைத் திருச்சபை தண்டித்தது என்று ஒரு கதை உலவுகிறது. அதற்குச் சான்று இல்லை.

பிற்காலத்து இசைமேதைகள் இந்த உறுத்தலையே தங்கள் வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். பிரான்சு நாட்டு சேன்-சான்ஸ், 1874-இல் இயற்றிய 'மரண நடனம்' என்ற இசையில், வயலினின் ஒரு கம்பியைச் சற்றுத் தளர்த்திவிட்டு, பக்கத்துக் கம்பியோடு இந்த இடைவெளி வரும்படி செய்தார். கல்லறையில் எலும்புக்கூடுகளை ஆட அழைக்கும் மரணத்தின் வயலின் அது.

அடுத்து நாம் போகவேண்டியது இங்கிலாந்திலுள்ள பர்மிங்ஹாம் என்னும் தொழில் நகரத்துக்கு. அங்கே டோனி ஐயோமி என்ற இளைஞர் உலோகத் தகடு வேலை செய்யும் தொழிற்சாலையில் இருந்தார். 17 வயதில், வேலையை விட்டு நிற்கவிருந்த கடைசி நாளன்று, இயந்திரம் அவருடைய வலக்கையின் இரண்டு விரல் நுனிகளைத் துண்டித்துவிட்டது. அவர் இடக்கைப் பழக்கமுள்ளவர். ஆகவே கித்தார் கம்பியை அழுத்துகிற கையே வலக்கைதான். தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளை உடைய நமக்கு இந்த வேதனை சொல்லாமலே புரியும். அவர் மனம் உடைந்துவிடவில்லை. பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்கு உறை செய்து, அதன்மேல் தோலை ஒட்டிக்கொண்டார். கம்பிகளையும் மெல்லியதாக மாற்றினார். பிற்பாடு சுருதியைத் தாழ்த்தித் தளர்வாக வைத்தும் வாசித்தார். கனத்த, இருண்ட ஒலி பிறந்தது.

அவருடைய 'பிளாக் சப்பாத்' குழுவின் முதல் இசைத்தட்டு 1970 பிப்ரவரி 13-இல் வெளிவந்தது. குழுவில் இருந்த கீசர் பட்லருக்கு ஹோல்ஸ்ட் இயற்றிய 'கோள்கள்' என்ற செவ்வியல் இசையில் 'செவ்வாய்' பகுதிமேல் மிகுந்த விருப்பம். அந்தத் தூண்டுதலால் பிறந்ததுதான் இசைத்தட்டின் முதற்பாட்டு. நம் கணக்கில் சொன்னால், அதன் கித்தார் அடி மூன்றே சுரங்கள்: கீழ் ஸட்ஜமம், மேல் ஸட்ஜமம், பிறகு பிரதி மத்தியமம். மிக மெதுவாக வந்து அந்தப் பிரதி மத்தியமத்தில் நின்றுவிடுகிறது. பஞ்சமத்துக்கு ஏறி ஆறுதல் தருவதில்லை. அச்சம் அங்கேதான் பிறக்கிறது. ஹெவி மெட்டல் இசை இந்தக் குழுவிலிருந்து கிளைத்ததென்று பலரும் கூறுவார்கள்.

இனி நம் வீட்டுக்குத் திரும்புவோம். 17-ஆம் நூற்றாண்டில் தஞ்சையில் வாழ்ந்த வேங்கடமகி 72 மேளங்களை வகுத்தார். முதல் 36 மேளங்களில் சுத்த மத்தியமம். பின் 36 மேளங்களில் பிரதி மத்தியமம். ஆகவே நம் இசையின் சரி பாதி இந்தச் 'சாத்தானுக்கு'ச் சொந்தம்! 29-ஆம் மேளம் சங்கராபரணம். அதோடு 36-ஐக் கூட்டினால் 65-ஆம் மேளம், கல்யாணி. இரண்டிற்கும் வித்தியாசம் மத்தியமம் ஒன்றுதான். கல்யாணி என்றாலே மங்கலமானவள் என்று பொருள். திருமண வீடுகளில் நாதஸ்வரக்காரர்கள் விரும்பி வாசிக்கும் இராகம் அது.

உறுத்தல் எங்கே போயிற்று? சுருதிப்பெட்டியில் ஸட்ஜமமும் பஞ்சமமும் இடைவிடாமல் ஒலித்துக்கொண்டிருக்கின்றன. பிரதி மத்தியமம் பஞ்சமத்துக்கு அடுத்த வீடு. கல்யாணி பாடுகிறவர் பெரும்பாலும் அதைப் பஞ்சமத்தின் பக்கமாக அசைத்துப் பாடுகிறார். வீட்டு வாசலில் நின்று "இதோ வருகிறேன்" என்று சொல்வதுபோல அது ஆகிவிடுகிறது. அதே சுரம் 45-ஆம் மேளமான சுபபந்துவராளியில் வரும்போதோ, மற்றச் சுரங்களின் சேர்க்கையால் நெஞ்சை உருக்கும் சோகம் ஆகிறது. சிலப்பதிகாரம் நரம்புகளிடையே இணை, கிளை, பகை, நட்பு என்று உறவு கூறுகிறது. உறவை வைத்தே சுரத்துக்குக் குணம் என்பது நம் முன்னோர் அறிந்த செய்தி.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை கேட்கும் இசையைச் சத்தத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட வேண்டாம். பாட்டின் சொற்கள் என்ன, பிள்ளையின் நடத்தை என்ன, யாரோடு பழகுகிறான் என்பதைக் கவனியுங்கள். கண்டிக்க வேண்டியது இருந்தால் அங்கே கண்டியுங்கள். சுரத்தின்மேல் பழி போடுவதால் பயன் இல்லை. பிள்ளை நம்மிடம் பேசுவதை நிறுத்திக்கொள்வதுதான் மிச்சம்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த திருவிழாவில் நாதஸ்வரக்காரர் கல்யாணியை எடுத்தால் சற்று நின்று கேளுங்கள். உங்கள் கித்தாரில் உறுமும் சுரம் அங்கே எப்படிச் சிரிக்கிறது என்று பாருங்கள். பிறகு தாத்தாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, அதே சுரத்தைக் கித்தாரில் தேடி வாசித்துக் காட்டுங்கள். இரண்டு தலைமுறையும் பேசிக்கொள்ள அது ஒரு தொடக்கமாகும்.