களைத்துப்போகும் காவலிகள்

சீகிரியாவைச் சுற்றியுள்ள ஊர்களில் யானையை மறந்து பயிர்ச்செய்கை இல்லை. மின்னேரியாக் காடு தொலைவில் இல்லை. பரண் காவலும் யானை வெடியும் போதாமல் இப்போது வயலோரங்களில் மின்வேலியும் நிற்கிறது. இடம்பெயர்ந்து காட்டோரக் காணிகளில் மீண்டும் தொடங்கியிருக்கும் நம் குடும்பங்கள் பலவும் இத்தகைய வேலியை நம்பியே நெல்லும் சோளமும் போடுகின்றன. அந்த வேலி எங்கே தளர்கிறது?

பெரும்பாலும் கம்பியில் அல்ல, கம்பியைக் கம்பத்தில் தாங்கி நிற்கும் சிறு காவலியில்தான்.

முறையான மின்வேலியில் மின்சாரம் ஓயாமல் ஓடுவதில்லை. சூரியத் தகட்டினால் ஏற்றப்படும் 12 வோல்ற்று பற்றரியிலிருந்து ஒரு கருவி ஏறத்தாழ விநாடிக்கு ஒரு தடவை, பல ஆயிரம் வோல்ற்று அழுத்தத்தில், இமைப்பொழுதிலும் குறுகிய துடிப்பொன்றை அனுப்பும். யானைக்கு அடி விழும், உயிர் போகாது. இரவு பகலாக இயங்கும் வேலியில் அந்தத் துடிப்பு நாளொன்றுக்கு 80,000 தடவைக்கு மேல் ஒவ்வொரு காவலியையும் முட்டிப் பார்க்கிறது.

புதுக் காவலி தாங்கும். ஆனால் நம் வெயில் பிளாஸ்ரிக்கை வெளிறச் செய்து வெடிக்க வைக்கும். வெடிப்பில் தூசி படியும். வறட்சியில் அதனால் பெரிய தீங்கில்லை. பனியோ முதல் மழையோ பட்டதும் நனைந்த அழுக்கின் வழியே மின்சாரம் கசியும். கசிவின் சூட்டில் சில இடங்கள் மட்டும் காய்ந்துபோக, அந்தக் காய்ந்த இடுக்கைத் தாண்டிச் சிறு பொறி பறக்கும். பொறி பட்ட இடம் கருகிக் கரியாகும். கரியோ மின்சாரத்தைக் கடத்துவது. ஆகவே அடுத்த பொறிக்கு வழி இன்னும் இலகு. வேர் ஓடுவதுபோல் கரிக்கோடு நீண்டு கம்பத்தை எட்டிவிட்டால், வேலியின் மறுமுனையில் அடி மெலிந்துவிடும். யானை அதை நம்மை விட முந்தி அறிந்துகொள்ளும்.

இருட்டில் வேலியோரம் நின்று கேளுங்கள். ‘டிக், டிக்’ என்ற சத்தமும் நீலப் பொறியும் பழுதான காவலியைக் காட்டிக்கொடுக்கும். கருவியை நிறுத்திய பின்பே அதை மாற்ற வேண்டும். அவசரத்துக்குச் சைக்கிள் ரியூப் துண்டைச் சுற்றுபவர்கள் உண்டு. அந்தக் கறுப்பு இறப்பரில் கரி கலந்திருப்பதால் அது நல்ல காவலி அல்ல.

பெரிய நாடுகளும் இதில் ஏமாந்தன. 1960களில் நிலத்தடியில் புதைத்த பொலித்தீன் உறைக் கேபிள்கள் பல, எதிர்பார்த்த காலத்துக்கு வெகு முன்பே பழுதாகின. ஈரமும் மின்னழுத்தமும் சேர்ந்து உறைக்குள் மரக்கிளை போன்ற நுண்கோடுகளை வளர்த்திருந்ததை 1969 இல் யப்பானில் வெளியிட்டார்கள். காற்றும் ஒரு காவலிதான், ஒரு சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 30,000 வோல்ற்று வரை தாங்கும். இடையில் ஓர் உடல் புகுந்தால் அதுவும் பயனில்லை. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடே இருண்டபோது, பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று பட்டதே காரணம் என்று அமைச்சர் கூறினார்.

வீட்டு 230 வோல்ற்றைக் கம்பியில் நேரே கொழுவுவதை மட்டும் நாம் எக்காரணத்துக்காகவும் ஏற்க மாட்டோம். அது துடிப்பதில்லை, பிடித்தால் விடாது. யானை மட்டுமல்ல, விடியற்காலையில் வயலுக்குப் போகும் மனிதரும் இறக்கிறார்கள்.

பல வருடம் பூட்டிக் கிடந்த வீட்டுக்குத் திரும்புவோருக்கும் ஒரு சொல். வீட்டு வயரின் உறையை மின்னழுத்தம் அவ்வளவாகத் தின்பதில்லை. எலியும் வெயிலும் சூடும் அந்த வேலையைச் செய்கின்றன, ஈரம் முடித்து வைக்கிறது. மின்சாரம் எடுக்குமுன் பயிற்சி பெற்ற மின்னிணைப்பாளரைக் கொண்டு காவலைச் சோதியுங்கள். 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிச் இருந்தால், மாதம் ஒரு தடவை அதன் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். விழவில்லையென்றால் உடனே மாற்றிவிடுங்கள்.