குருத்துக்கல ஆராய்ச்சியும் அரசும்: நிதி, ஒழுங்குவிதி, வர்க்கநலன் பற்றிய சில குறிப்புகள்

படுவான்கரையிலிருந்த மூன்று ஏக்கர் வயலை ஈடுவைத்து, மூளைவாதத்தோடு பிறந்த தம் ஆறு வயது மகனைத் தூக்கிக்கொண்டு எனது பெரியம்மாவின் மகன் ஒருவர் இந்திய நகரொன்றுக்குப் போய்வந்தார். புளியந்தீவிலே அவருக்கு ஒரு துண்டுப்பிரசுரம் கிடைத்திருந்தது. வழவழப்பான தாள், சிரிக்கும் குழந்தையின் படம், 'ஸ்டெம் செல் சிகிச்சை' என்ற கொட்டை எழுத்து. மூன்று முறை ஊசி ஏற்றினார்கள். பிள்ளை இன்னும் நடக்கவில்லை. வயலும் இன்னும் மீளவில்லை. அண்ணர் என்னிடம் கேட்டது ஒரேயொரு கேள்விதான்: "தம்பி, இது பொய் எண்டால் அரசாங்கம் ஏன் விட்டு வைச்சிருக்கு?"

அக்கேள்விக்கு விடை தேடுமுகமாக எழுதப்படுவதே இக்கட்டுரை. இலக்கிய மாணவனாகிய நான் உயிரியலறிஞனல்லேன். ஆயினும் விஞ்ஞானத்தின் சமூக உறவுகள் விஞ்ஞானிகளுக்கு மட்டும் உரிய ஆய்வுப்பொருளன்று.

முதலிற் சொல் பற்றி ஒரு குறிப்பு. தமிழகத்தார் 'குருத்தணு' என்பர். எமது பாடநூல் மரபிலே 'செல்' என்பது 'கலம்' ஆதலின் 'குருத்துக்கலம்' என்றே ஈண்டு வழங்குகின்றேன். தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளவும், வேறுவகைக் கலங்களாக மாறவும் வல்ல கலமே குருத்துக்கலம். என்புமச்சையிலுள்ள குருதிக் குருத்துக்கலம் குருதிக் கலங்களை மாத்திரமே தரவல்லது. கருக்கட்டிச் சில நாட்களேயான முளையத்திலிருந்து பெறப்படுவதோ உடலின் எவ்வகைக் கலமாகவும் மாறும் ஆற்றலுடையது. முன்னதை அடிப்படையாகக் கொண்ட என்புமச்சை மாற்றுச் சிகிச்சை நன்கு நிறுவப்பட்டதொன்று; அதன் முன்னோடியான டொனால் தோமஸ் 1990 இல் நோபல் பரிசு பெற்றார். விழிவெண்படல ஓரத்துக் கலங்களைக் கொண்டு பார்வையை மீட்கும் சிகிச்சையும் ஹைதராபாத்திலே இந்நூற்றாண்டின் தொடக்கம் முதல் நடைபெறுகின்றது. ஆகவே இத்துறை முழுவதும் ஏமாற்று எனக் கொள்வது தவறாகும். மெய்யான விஞ்ஞானத்தின் நிழலிலேதான் பொய்யான வணிகம் வளர முடியும்.

அமெரிக்க விவாதம் சமயத்துக்கும் விஞ்ஞானத்துக்குமிடையிலான போராட்டமாகவே பொதுவாகச் சித்திரிக்கப்படுகின்றது. முளையம் ஓர் உயிரா, அதனை அழிக்கலாமா என்பதே வினா எனப் பத்திரிகைகள் எழுதின. ஆயின் விவகாரத்தின் அடித்தளம் வேறு. 1996 முதல் ஐக்கிய அமெரிக்க வரவுசெலவுச் சட்டத்தோடு இணைக்கப்பட்டு வரும் டிக்கி - விக்கர் திருத்தம், முளையத்தை அழிக்கும் ஆராய்ச்சிக்குக் கூட்டரசின் நிதியைத் தடை செய்தது. அவ்வாராய்ச்சியையே தடை செய்யவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. விளைவு யாது? 1998 இல் விஸ்கொன்சினிலே ஜேம்ஸ் தொம்சன் மனித முளையக் குருத்துக்கலங்களை முதன்முதலாகப் பிரித்தெடுத்தபோது, கூட்டரசுப் பணம் தீண்டாத தனி ஆய்வுகூடமொன்றிலே, ஜெரோன் என்னும் தனியார் கம்பனியின் பணத்தையும் பெற்றே அதனைச் செய்யவேண்டியிருந்தது. ஆக்கவுரிமைகள் பல்கலைக்கழகம் சார்ந்த அறக்கட்டளையிடமும், வணிகப் பயன்பாட்டுரிமைகள் ஜெரோனிடமும் சென்றன. சமயத்தின் பெயரால் பொதுப்பணம் விலக்கப்பட்டதும் அவ்விடத்திலே தனியார் மூலதனம் வந்தமர்ந்தது. அறம் காக்கப்பட்டதோ இல்லையோ, சொத்து காக்கப்பட்டது.

அக்கம்பனியின் பிற்கால வரலாறு இதனிலும் தெளிவானது. முதுகுத்தண்டு காயமுற்றோருக்கு முளையக் குருத்துக்கலத்தினின்று பெற்ற கலங்களைச் செலுத்தும் உலகின் முதலாவது மருத்துவச் சோதனையை 2010 ஒக்டோபரில் ஜெரோன் தொடங்கிற்று. 2011 நவம்பரிலே நிறுத்திற்று. நோயாளர் எவரும் பாதிக்கப்பட்டமையால் அன்று. கருதுகோள் பிழைத்தமையாலும் அன்று. புற்றுநோய் மருந்துகளிலே பணத்தை இடுவது இலாபம் எனக் கம்பனி கணக்கிட்டது, அவ்வளவே. அச்சோதனை மீண்டும் உயிர்பெற்றது கலிபோர்னியா மாநிலத்தின் பொதுப்பணத்தினாலேயாம். 2004 இல் அம்மாநில மக்கள் வாக்களித்து இவ்வாராய்ச்சிக்கென 300 கோடி டொலர் கடன்பத்திர நிதியை ஏற்படுத்தியிருந்தனர்.

2001 ஓகஸ்ட் 9 ஆந் திகதி ஜனாதிபதி புஷ் ஒரு சமரசத்தை அறிவித்தார். அன்றைக்கு முன்னரே உருவாக்கப்பட்டுவிட்ட கலவரிசைகள் மீதான ஆய்வுக்கு மட்டும் கூட்டரசு நிதி வழங்கும் என்பதே அது. அம்மாத இறுதியிலே வெளியிடப்பட்ட பட்டியலில் 64 கலவரிசைகள் இருந்தன. எமது வாசகர் பலர் அறியாத செய்தி, அவற்றுட் பத்து இந்தியாவில் இருந்தமையாகும்: ஏழு மும்பையிலுள்ள றிலையன்ஸ் லைஃப் சயன்சஸ் என்னும் பெருமுதலாளியக் கம்பனியிடம், மூன்று பெங்களூரிலுள்ள தேசிய உயிரியல் விஞ்ஞான மையத்திடம். வாஷிங்டனிலே எடுக்கப்பட்ட ஒரு தீர்மானம் இந்தியாவில் ஒரு சந்தையை ஒரே நாளில் உருவாக்கிற்று. மகப்பேற்றுச் சிகிச்சை நிலையங்களிலே எஞ்சும் முளையங்கள் திடீரென மூலப்பொருளாயின. மேற்கின் மனச்சாட்சிக்கு ஒவ்வாத வேலையைக் கிழக்கின் ஆய்வுகூடங்களுக்கு ஒப்பந்தத்தில் விடலாமென்ற எதிர்பார்ப்பு அக்காலத்திற் பரவலாக நிலவியது. தேயிலையையும் இறப்பரையும் கொடுத்த எமக்கு இப்பொருளாதார உறவு புதிதன்று. ஈற்றிலே அப்பட்டியலில் ஆய்வாளரின் கைக்கெட்டியவை இருபதளவேயாம். 2009 மார்ச் 9 ஆந் திகதி ஒபாமா அக்கட்டுப்பாட்டினை நீக்கினார்.

இதற்கிடையில் ஜப்பானியரான யமனாக்கா, வளர்ந்த தோற்கலங்களையே குருத்துநிலைக்குத் திருப்பலாமென 2006 இல் எலியிலும் 2007 இல் மனிதரிலும் காட்டினார். முளையம் பற்றிய அறவிவாதம் அத்தோடு ஓய்ந்தது எனப் பலர் எழுதினர். ஓரளவு உண்மைதான். ஆயின் யார் பணம் தருவது, யார் மேற்பார்வை செய்வது, பயன் யாரைச் சேர்வது என்ற மூன்று வினாக்களும் அப்படியே எஞ்சி நின்றன. முளையம் பற்றிய ஆரவாரம் அவற்றை மறைத்துவந்தது எனவே சொல்லத் தோன்றுகின்றது.

இவ்விடத்திலே ஓர் எச்சரிக்கை அவசியம். அரசு பணம் கொடுத்தால் எல்லாம் செவ்வனே நடைபெறுமென மார்க்சியர் வாளாவிருந்துவிட முடியாது. 1948 இலே சோவியத் வேளாண் விஞ்ஞான அக்கடமியிலே லைசென்கோவின் கொள்கை அரசின் ஆணையால் வெற்றிபெற்றதையும், அதற்கு முன்னரே 1943 இலே வவிலோவ் என்னும் பேரறிஞர் சிறையில் இறந்ததையும் எமது இடதுசாரி நூல்கள் நெடுங்காலம் பேசாது விட்டன. பேசாது விட்டமை பிழையாகும். தென்கொரியாவின் உதாரணம் அண்மையது. ஹுவாங் ஊ - சுக் என்பாருக்கு அரசு பெருநிதி வழங்கிற்று; அதியுயர் விஞ்ஞானி எனப் பட்டமளித்தது; 2005 இல் அவரது ஆய்வைப் போற்றி முத்திரையே வெளியிட்டது. 2006 ஜனவரியில் அவரது கட்டுரைகள் பொய்த் தரவுகளெனத் திரும்பப் பெறப்பட்டன. அவ்வாய்வுக்கென ஈராயிரத்துக்கு மேற்பட்ட சூல்முட்டைகள் பெண்களிடமிருந்து பெறப்பட்டிருந்தன. சிலர் பணத்துக்காகக் கொடுத்தனர். சிலர் அவரது ஆய்வுகூடத்திலே பணியாற்றிய இளம் பெண்கள். தேசியப் பெருமிதமும் அரசுப் பணமும் சேர்ந்து, மேற்பார்வை மட்டும் இல்லாதபோது, முதலில் விலைகொடுப்பவள் பெண்ணே. இவ்விவாதத்தில் முளையத்தின் உரிமை பற்றிப் பேசியவர்களுள் எத்தனைபேர் சூல்முட்டை கொடுத்தவளின் உழைப்பைப் பற்றியும் வலியைப் பற்றியும் பேசினர்?

பிரித்தானியா வேறு வழியிற் சென்றது. மெய்யியலாளர் மேரி வார்னொக் தலைமையிலான குழு 1984 இல் அறிக்கை தந்தது. 1990 ஆம் ஆண்டுச் சட்டம் முளைய ஆய்வைப் பதினான்கு நாள் எல்லைக்குள் அனுமதித்து, உரிமம் வழங்கும் அதிகாரசபையொன்றை நிறுவிற்று. பொது நிதியும் சட்டபூர்வமான கண்காணிப்பும் அங்கு இணைந்தே வந்தன. முதலாளித்துவ அரசொன்றே இதனைச் செய்ய முடிந்ததெனின், அதற்குப் பின்னால் தேசிய சுகாதார சேவை என்னும் தொழிலாளர் இயக்கப் பேறு இருந்தமையும் ஒரு காரணமெனலாம்.

இனி இந்தியாவுக்கு வருவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிர்த்தொழில்நுட்பத் துறையும் 2007 இல் வெளியிட்ட ஆவணத்தின் தலைப்பிலே 'ஆராய்ச்சியும் சிகிச்சையும்' என்ற இரு சொற்கள் இருந்தன. 2013 இலே அது திருத்தப்பட்டபோது 'சிகிச்சை' என்ற சொல் வேண்டுமென்றே நீக்கப்பட்டது. இலக்கிய மாணவனுக்கு இவ்வொரு சொல்லின் நீக்கம் மிகுந்த பொருளுடையது. குருதி சார்ந்த சில நோய்களுக்கான மாற்றுச் சிகிச்சை தவிர்ந்த ஏனைய யாவும் இன்னும் ஆராய்ச்சியே. ஆராய்ச்சிக்கு நோயாளியிடம் பணம் அறவிடலாகாது என்பது அதன் உட்கிடை. 2017 ஆம் ஆண்டு வழிகாட்டி இதனை மேலும் இறுக்கிற்று. குழந்தையின் தொப்புள்கொடிக் குருதியை அக்குழந்தைக்கெனவே பிற்காலப் பயன்பாட்டுக்காகத் தனியார் வங்கியில் வைப்பிலிடுவதற்கு விஞ்ஞான ஆதாரமில்லை என்பதும் அதிற் கூறப்பட்டது. பெற்ற பிள்ளையின் எதிர்காலத்தைப் பற்றிய பயத்தையே தவணைக் கட்டணமாக மாற்றும் அவ்வணிகம் நடுத்தர வர்க்கத்தாரிடையே செழித்ததை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் வழிகாட்டி சட்டமன்று. அண்ணரின் கேள்விக்கான விடையின் ஒரு பாதி இங்கேயுள்ளது. ஆவணத்திலே நீக்கப்பட்ட 'சிகிச்சை' என்ற சொல், துண்டுப்பிரசுரத்திலே கொட்டை எழுத்தில் வாழ்ந்தது. 2019 ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் பற்றிய விதிகள் குருத்துக்கலத்தினின்று பெறப்படும் உற்பத்திகளைப் புதிய மருந்தென வரையறுத்துச் சட்டத்தின் கீழ்க் கொணர்ந்தன. எனினும் நோயாளியின் உடலிலிருந்தே எடுத்துச் சிறிதளவே கையாண்டு அவருக்கே திருப்பி ஏற்றுவது மருந்தா, மருத்துவச் செய்கையா என்ற இடைவெளிக்குள் நிலையங்கள் புகுந்துகொண்டன. அண்ணரின் மகனுக்கு ஏற்றப்பட்டதும் அவனது என்புமச்சையிலிருந்து எடுக்கப்பட்டதெனவே கூறினார்கள்.

இதற்கு மறுதலையான உதாரணமும் அதே நாட்டிலே, தமிழகத்திலேயே உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், இந்திய அரசின் உயிர்த்தொழில்நுட்பத் துறையின் நிதியாதரவோடு குருத்துக்கல ஆராய்ச்சி நிலையம் இயங்குகின்றது. அங்கு கடுமையான குருதி உறையாமை நோயுடைய ஐவருக்கு, அவர்களது குருதிக் குருத்துக்கலங்களிலே குறைபட்ட மரபணுவின் செம்மையான பிரதியைச் சேர்த்துத் திருப்பியேற்றும் சோதனையின் பெறுபேறுகள் 2024 டிசம்பரில் வெளியாயின. கண்காணிப்புக் காலத்திலே ஐவரிலும் குருதிப்பெருக்கு நிகழவில்லை. பதிவு செய்யப்பட்ட சோதனை, ஒழுங்காக அறிவிக்கப்பட்ட முடிவு, பொதுப்பணம் — இவை மூன்றும் சேர்ந்த இடம் அது. அண்ணர் ஏறிய ரயில் வேலூர்ப் பக்கமாகப் போயிருந்தாலும், "உமது பிள்ளைக்கு எம்மிடம் மருந்தில்லை" என்றே அங்கு சொல்லியிருப்பார்கள். அந்த நேர்மைக்கு விளம்பரம் இல்லை.

விடையின் மறுபாதி இலங்கையிலுள்ளது. இலவச சுகாதார சேவை எமது மக்களின் பெரும்பேறு. மருந்துக் கம்பனிகளைப் பொதுநலனுக்குக் கட்டுப்படுத்தும் முயற்சியிலும் இந்நாடு மூன்றாம் உலகுக்கு முன்னோடியாயிருந்தது. இலங்கையின் முதலாவது மருந்தியற் பேராசிரியரான சேனக பிபிலே, இடதுசாரித் தலைவரும் வைத்தியருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து தயாரித்த அறிக்கையின் வழி 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவாயிற்று. சந்தையிலிருந்த ஈராயிரத்துக்கு மேற்பட்ட மருந்துகள் ஏறக்குறைய 600 ஆகக் குறைக்கப்பட்டன. 1974 இலே வாந்திபேதி பரவிய வேளை, கூட்டுத்தாபனம் மலிவாகக் கொள்வனவு செய்த மூலப்பொருளைக் கொண்டு ரெற்றாசைக்கிளின் தயாரிக்கப் பன்னாட்டுக் கம்பனியொன்று உடன்படாமையால், அம்மருந்தை அதிக விலைக்கு விமானமூலம் இறக்க நேர்ந்தது. பிபிலே 1977 இற் கயானாவில் மறைந்தார். அதே ஆண்டில் வந்த திறந்த பொருளாதாரம் அவர் கொள்கையின் உயிர்நாடியை அறுத்தது. தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம் வந்தது 2015 இலே.

இத்துணை வரலாறு உடைய நாட்டிலே குருத்துக்கலம் பற்றிய விவாதம் பொதுவெளியில் ஏறத்தாழ நிகழவேயில்லை. 1987 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்க மனித இழைய மாற்றீட்டுச் சட்டம் வேறொரு காலத்தின் வினாக்களுக்கு விடையளித்தது. எமது முற்போக்கு வட்டாரங்களோ, நான் உட்பட, விஞ்ஞானத்தை மேடையிலே புகழ்வதோடு நின்றுவிடுகின்றோம். ஓர் ஒழுங்குவிதியின் வாசகத்தை எவரும் படிப்பதில்லை. நாவலொன்றின் யதார்த்தவாதம் பற்றி இருபது பக்கம் எழுதுவோம். வாவிக்கு அக்கரையில் வயல் ஈடுபோவது எந்த எழுத்தினால் என்று பாரோம்.

பிள்ளை இப்போது அரசாங்க வைத்தியசாலையிலே உடற்பயிற்சிச் சிகிச்சைக்குப் போய்வருகின்றான். கழுத்தை நேரே பிடிக்கப் பழகியிருக்கின்றான். அது இலவசம். துண்டுப்பிரசுரம் என் மேசையிலே கிடக்கின்றது. நோய்களின் நீண்ட பட்டியலுக்குக் கீழே, மிகச் சிறிய எழுத்தில், 'பலன் நோயாளிக்கு நோயாளி வேறுபடலாம்' என்றிருக்கின்றது. நிலையத்தின் முகவரி இந்தியாவினது. முகவரின் தொலைபேசி இலக்கமோ மட்டக்களப்புக்குரிய 065 இல் தொடங்குகின்றது. கடலுக்கு அப்பாலுள்ள நிலையத்தைக் கொழும்பு கட்டுப்படுத்த முடியாதென்பர். இந்த இலக்கத்துக்குரியவரைக் கட்டுப்படுத்த எந்தக் கடலும் கடக்க வேண்டியதில்லை.