கண்ணாடிச் சுவரும் ஒரு மாணவன் வினாவும்

"ஐயா, அக்காலத்தவர் எழுதினால் கவிதை, நாங்கள் எழுதினால் குற்றமா?"

சிகிரியாவிலே மாணவனொருவன் எம்மை இவ்வாறு வினவினான். அன்று யாம் கூறிய விடை எமக்கே நிறைவு தராமையால் ஈண்டு மீண்டும் கூற முற்படுகின்றோம்.

நம் மாத்தளை மாவட்டத்தின் வடபால் எழுந்து நிற்கும் அக்குன்றின்மீது கோட்டையும் அரண்மனையும் அமைத்தவன், கி.பி. 477 முதல் 495 வரை ஆண்ட காசியப்பன். தந்தை தாதுசேனனைக் கொன்று அரசு கொண்ட அவன், உடன்பிறந்தான் முகலனுக்கு அஞ்சி இவ்விடத்தை நாடினான் என்பது சூளவமிசம் தரும் செய்தி. அகழியும் மதிலும் அவனைக் காக்கவில்லை. அவன் வீழ்ந்தபின் குன்று துறவியர்க்கு உறைவிடமாயிற்று.

ஓவியங்களின் கீழே, செங்கல்லாற் கட்டிச் சுண்ணச்சாந்து பூசி மெருகிட்ட சுவரே கண்ணாடிச் சுவராகும். பிற்காலத்தே குன்று காணவந்தோர், ஓவிய நங்கையரைப் புகழ்ந்தும் அவர்தம் மௌனத்தை நொந்தும் அதிற் பாக்களைக் கீறிச் சென்றனர். பேராசிரியர் பரணவிதான அவற்றுள் 685 பாக்களைப் படித்து 1956இல் நூலாக வெளியிட்டார். பெரும்பாலன 8ஆம் நூற்றாண்டு முதல் 10ஆம் நூற்றாண்டு வரையின. பழஞ்சிங்கள மொழியை ஆராய்வார்க்கு அவை கிடைத்தற்கரிய செல்வம்.

அவர்களும் எவரிடமும் இசைவு பெற்று எழுதினாரல்லர்; மாணவன் வினாவின் கூர்மை இதுவே. ஆயின் மெருகிட்ட அம்மேற்பரப்பு மிக மெல்லியது. இன்று இடும் கீறல் வெற்றிடத்தில் விழுவதன்று. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய எழுத்தொன்றை ஊடறுத்தே விழும். புதுச்சாந்து பூசிப் பிளவை மறைக்கலாம். அழிந்த எழுத்தை மீட்டல் இயலாது. 1967இல் தீயோர் சிலர் ஓவியங்கள்மீது வண்ணம் பூசிச் சிதைத்தபோது, அவற்றைச் செப்பனிட இத்தாலிய வல்லுநர் வரவேண்டியதாயிற்று.

1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் இத்தகைய சின்னங்களுக்குக் காவலாகவுள்ளது. 1982இல் யுனெஸ்கோ சிகிரியாவை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. எனினும் 2015இல் இளநங்கை ஒருத்தி அச்சுவரில் எழுதி, இரண்டாண்டுச் சிறைத்தண்டனை பெற்றாள். பின்னர்ச் சனாதிபதியின் மன்னிப்பால் விடுதலையானாள். தண்டனை கடிதென்றே யாம் கருதினோம். சுற்றுலாவுக்குச் சோற்றுப்பொதியும் பேருந்தும் ஒழுங்குசெய்யும் ஆசிரியராகிய யாம், சுவரின் வரலாற்றைப் புறப்படுமுன்னர்ச் சொல்லுகின்றோமா?

இவ்வாண்டு புறப்படுமுன்னர் வகுப்பிற் சொன்னோம். வினவிய மாணவன் மறுமுறையும் வந்திருந்தான். சுவரருகே கைகளைப் பின்னாற் கட்டிக்கொண்டு, ஓர் எழுத்தையேனும் இனங்காண நெடுநேரம் முயன்றுகொண்டிருந்தான்.