நிறத்தைப் பேசலாம், போரைப் பேசக் கூடாது

2011 மார்ச்சில் ரஷார்ட் மெண்டன்ஹால் ட்விட்டரில் ஒரு கருத்தை எழுதினார். அமெரிக்கக் கால்பந்தில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணிக்கு ஆடிய கறுப்பின வீரர் அவர். தொழில்முறைக் கால்பந்து லீக் வீரர்களை நடத்தும் விதம் நவீன அடிமைமுறைதான் என்று இன்னொரு வீரர் சொல்லியிருந்தார். அதை மெண்டன்ஹால் ஆதரித்தார். காட்டமான பேச்சுதான். ஆனாலும் ‘சாம்பியன்’ என்ற பெயரில் விளையாட்டு உடைகள் விற்கும் ஹேன்ஸ்பிராண்ட்ஸ், தன் விளம்பர முகமாக இருந்த அவரிடம் அதைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. மே மாதத் தொடக்கத்தில் ஒசாமா பின்லேடன் கொல்லப்பட்ட செய்தி வந்தது. ஒரு மரணத்தை எப்படிக் கொண்டாடுகிறார்கள், நாம் ஒரு தரப்பை மட்டும்தானே கேட்டிருக்கிறோம் என்று மெண்டன்ஹால் எழுதினார். 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் விமானம் மோதி அந்தக் கோபுரங்கள் அப்படி விழுந்திருக்குமா என்ற ஆதாரமற்ற ஐயத்தையும் கிளப்பினார். பிறகு விளக்கம் கொடுத்தும் பயனில்லை. சில நாட்களில் நிறுவனம் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது.

இரண்டு பதிவுகளுக்கும் இடையே இரண்டு மாதம்கூட இல்லை. ஆள் ஒருவர், ஒப்பந்தம் ஒன்று, நிறுவனமும் ஒன்று. நாட்டுக்குள் நிலவும் இன ஏற்றத்தாழ்வைப் பற்றிய கசப்பான பேச்சு பொறுத்துக்கொள்ளப்பட்டது. நாட்டின் போரைப் பற்றிய மாற்றுக் கருத்து பொறுத்துக்கொள்ளப்படவில்லை. இரண்டாவது பதிவு மோசமானது, முதலாவது அப்படியில்லை என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் விளையாட்டு விளம்பரத்தின் வரலாற்றைப் புரட்டினால் இந்தக் கோடு திரும்பத் திரும்பத் தென்படுகிறது. இனநீதியைப் பேசும் வீரரை விளம்பர உலகம் மெல்ல மெல்ல ஏற்கக் கற்றுக்கொண்டது. அதே வீரர் தன் அரசோ, தன் சந்தையோ விரும்பாத வெளியுறவுக் கருத்தைச் சொன்னால் கதவு சாத்தப்படுகிறது. இந்த விதி எல்லோருக்கும் பொதுவானதுபோலத் தோன்றினாலும், அதன் பாரம் சிறுபான்மை வீரர்கள் தலையில்தான் கூடுதலாக இறங்குகிறது.

குத்துச்சண்டை வீரர் முகமது அலியைப் பொறுத்தவரை இனமும் போரும் வெவ்வேறு விஷயங்களாக இருந்ததே இல்லை. உள்நாட்டில் தன் மக்களுக்கு உரிமை மறுக்கும் அரசுக்காகக் கடல் கடந்து போய் வேறு நிறத்து ஏழைகளை ஏன் சுட வேண்டும் என்பதுதான் அவருடைய வியட்நாம் எதிர்ப்பின் சாரம். 1966இல் அவர் போரை எதிர்த்துப் பேசியதும் அமெரிக்க நகரங்கள் அவருடைய போட்டியை நடத்தத் தயங்கின. ஜார்ஜ் சுவாலோவுடனான மோதல் கனடாவின் டொரன்டோவுக்குப் போனது. 1967 ஏப்ரல் 28 அன்று ஹூஸ்டனில் ராணுவத்தில் சேர மறுத்தார். உரிமமும் பட்டமும் பறிபோயின. ஐந்தாண்டுச் சிறையும் 10,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. மேல்முறையீடு நடந்ததால் சிறைக்குப் போகவில்லை. மூன்றரை ஆண்டு வளையத்துக்கு வெளியே நின்றார். 1971 ஜூனில் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தபோது ஒரு குத்துச்சண்டை வீரரின் மிகச் சிறந்த ஆண்டுகள் கரைந்துபோயிருந்தன. அதன் பிறகு நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1999இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற காலை உணவான வீட்டீஸ் டப்பாவில் அவர் படம் வந்தது. 2004இல் அடிடாஸ் தன் உலகளாவிய விளம்பரத்தில் அவரை வைத்தது. 2006இல் அவருடைய பெயரையும் உருவத்தையும் பயன்படுத்தும் உரிமையின் 80 சதவீதத்தை ஒரு நிறுவனம் 5 கோடி டாலருக்கு வாங்கியது. போர் நடந்தபோது பாவமாக இருந்த துணிச்சல், போர் முடிந்து ஒரு தலைமுறை போன பின் விற்பனைச் சரக்கானது. வியட்நாமைப் பற்றிய அவர் வாதம் மாறவில்லை. அதைக் கேட்டுக் கோபப்பட்டவர்கள்தான் குறைந்துபோயிருந்தார்கள்.

அலியின் காலத்துக்குப் பிறகு இனத்தைப் பேசுவதற்கான இடம் விரிந்தது உண்மை. 2016இல் தேசிய கீதத்தின்போது மண்டியிட்டு, காவல்துறை வன்முறையை எதிர்த்த அமெரிக்கக் கால்பந்து வீரர் காலின் கேப்பர்னிக்குக்கு 2017க்குப் பிறகு எந்த அணியும் இடம் தரவில்லை. ஆனால் நைகி அவரைக் கைவிடவில்லை. 2018 செப்டம்பரில் தன் பெரிய விளம்பரத்தின் முகமாகவே அவரை நிறுத்தியது. சிலர் நைகி காலணிகளை எரித்தார்கள். பங்கு விலை சில நாள் சரிந்து, பிறகு ஏறியது. இது நிறுவனத்தின் நல்ல மனமா, இளம் வாடிக்கையாளர்களைக் கணக்கிட்ட கெட்டிக்காரத்தனமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. எப்படியிருந்தாலும், இனநீதிக்காகக் குரல் கொடுப்பவரை முன்னிறுத்தி லாபம் பார்க்க முடியும் என்று நிரூபணமாகிவிட்டது. 2020இல் புளோரிடாவில் நடந்த என்.பி.ஏ. கூடைப்பந்து ஆட்டங்களில் ‘பிளாக் லைவ்ஸ் மேட்டர்’ என்று ஆடுகளத்திலேயே எழுதினார்கள். வீரர்கள் சட்டை முதுகில் பெயருக்குப் பதிலாக ஒரு வாசகத்தைப் பொறித்துக்கொள்ளவும் அனுமதி தந்தார்கள். ஆனால் வாசகங்களின் பட்டியல் முன்கூட்டியே தயாரிக்கப்பட்டிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஹூஸ்டன் அணியின் பொது மேலாளர் டேரில் மோரி ஹாங்காங் போராட்டத்தை ஆதரித்து ஒரு ட்வீட் போட, சீனத் தொலைக்காட்சி ஒளிபரப்பை நிறுத்தி, சீன ஸ்பான்சர்கள் விலகி, லீக் பெரும் நஷ்டத்தைச் சந்தித்திருந்தது. பட்டியலில் ஹாங்காங்குக்கு இடமில்லை. இனநீதிக்காகத் துணிந்து பேசிவந்த லெப்ரான் ஜேம்ஸும் அந்த விவகாரத்தில் ஹாங்காங் பக்கம் நிற்கவில்லை. மோரி விஷயம் தெரியாமல் பேசிவிட்டார் என்றார். நைகியுடன் அவருக்கு வாழ்நாள் ஒப்பந்தம் இருக்கிறது. நைகிக்குச் சீனா பெரிய சந்தை.

இதே கோட்டைக் கிரிக்கெட்டில் இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். 2014 ஜூலையில் சவுத்தாம்ப்டனில் இந்தியாவுக்கு எதிராக ஆடிய இங்கிலாந்து வீரர் மொயீன் அலி, காசாவுக்கு ஆதரவான கைப்பட்டைகளை அணிந்து வந்தார். இனி அணியக் கூடாது என்று போட்டி நடுவர் தடுத்தார். 2020 ஜூலையில் அதே மைதானத்தில் இங்கிலாந்து வீரர்களும் வெஸ்ட் இண்டீஸ் வீரர்களும் மண்டியிட்டார்கள். சட்டைக் காலரில் ‘பிளாக் லைவ்ஸ் மேட்டர்’ முத்திரை இருந்தது. கிரிக்கெட்டின் உலக அமைப்பான ஐ.சி.சி. அனுமதித்தது, பலர் பாராட்டினார்கள். 2023 டிசம்பரில் பெர்த் டெஸ்டுக்கு முன் ஆஸ்திரேலியாவின் உஸ்மான் கவாஜா, எல்லா உயிரும் சமம், சுதந்திரம் மனித உரிமை என்ற பொருளில் இரண்டு வாசகங்களைத் தன் ஷூவில் எழுதியிருந்தார். எந்த நாட்டின் பெயரும் அதில் இல்லை. ஆனால் காசாவை மனத்தில் வைத்து எழுதியது என்பதால் அனுமதி மறுக்கப்பட்டது. அந்த டெஸ்டில் கையில் கறுப்புப் பட்டை அணிந்ததற்குக் கண்டிக்கப்பட்டார். அடுத்த டெஸ்டில் புறா படம் ஒட்டக் கேட்டார்; அதற்கும் மறுப்பு. சொந்த நம்பிக்கையைக் காட்டும் சின்னங்களை மட்டையில் ஒட்டிய மற்ற வீரர்களுக்கு ஏன் இந்தத் தடை இல்லை என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விதான். உலகில் எங்கும் இனவெறி கூடாது என்று சொல்வது அரசியல் அல்ல, எல்லா உயிரும் சமம் என்று சொல்வது அரசியல் என்றால், இரண்டையும் பிரிப்பது வாசகம் அல்ல. அதைக் கேட்டு எந்த அரசு, எந்தச் சந்தை முகம் சுளிக்கும் என்ற கணக்குதான்.

இங்கே ஒரு மறுப்பு எழும். வெளியுறவைப் பேசியவர் எல்லோரும் தண்டிக்கப்படவில்லையே? 2022இல் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தபோது ஐரோப்பியக் கால்பந்து மைதானங்கள் நீலமும் மஞ்சளும் அணிந்தன. சீனாவின் ஹுவாவே நிறுவனம் ரஷ்யாவுக்கு உதவுகிறது என்ற செய்தி வந்ததும், நிறுவனம் அதை மறுத்தும், போலந்து கேப்டன் லெவன்டோவ்ஸ்கி தானே அந்த விளம்பர ஒப்பந்தத்திலிருந்து விலகினார். அவரை யாரும் கண்டிக்கவில்லை. இந்த உதாரணம் என் வாதத்தை மறுக்கவில்லை, கூர்மையாக்குகிறது. தடை வெளியுறவுப் பேச்சுக்கு அல்ல, மாற்றுக் கருத்துக்கு. போலந்து அரசும் மக்களும் எந்தப் பக்கம் நின்றார்களோ, அதே பக்கம்தான் லெவன்டோவ்ஸ்கியும் நின்றார். அரசு ஒரு போரில் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே வீரரும் நின்றால் அது மனிதநேயம். எதிர்ப்பக்கம் நின்றால் அரசியல்.

சரி, இதில் இனம் எங்கே வருகிறது, வெள்ளையரான மோரியும்தானே சிக்கினார் என்று கேட்கலாம். இரண்டு பதில்கள் உண்டு. முதலாவது, விளம்பர வருமானமே சமமாக இல்லை. 2004க்குப் பிறகு மரியா ஷரபோவா ஒருமுறைகூட செரீனா வில்லியம்ஸை வென்றதில்லை. ஆனால் 2015 வரை தொடர்ந்து 11 ஆண்டுகள் உலகில் அதிகம் சம்பாதிக்கும் வீராங்கனை என்று ஃபோர்ப்ஸ் பட்டியலில் இருந்தவர் ஷரபோவாதான். பெரும்பகுதி விளம்பரப் பணம். ரசிகர்களின் விருப்பம், சந்தையின் தேவை என்று காரணம் சொல்வார்கள். அது ஓரளவு உண்மையே. ஆனால் யாருடைய முகம் எல்லோருக்கும் பொதுவான முகம் என்ற முடிவு அந்த விருப்பத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. அப்படிக் கஷ்டப்பட்டுக் கிடைத்த ஒப்பந்தத்தை இழக்கும் அபாயம் ஒருவரின் வாயை இன்னும் இறுக்கமாகக் கட்டும். இரண்டாவது, வெளியுறவுக் கொள்கை எல்லோர் வீட்டுக் கதவையும் ஒரே மாதிரி தட்டுவதில்லை. அலிக்கு வியட்நாம் தன் நிறத்தோடு தொடர்புடையது. இஸ்லாமாபாத்தில் பிறந்து ஆஸ்திரேலியாவுக்கு ஆடிய முதல் முஸ்லிம் வீரரான கவாஜாவுக்குக் காசா தொலைதூரச் செய்தி அல்ல. துருக்கிய வம்சாவளியினரான ஜெர்மானியக் கால்பந்து வீரர் மெசுத் ஒசில், 2018இல் துருக்கி அதிபர் எர்டோகனோடு எடுத்த ஒரு படத்துக்காக ஜெர்மனியில் வசைகளை வாங்கினார். ஒரு ஸ்பான்சர் தன்னை விளம்பரங்களிலிருந்து நீக்கியதாகச் சொல்லி, இனவெறியைக் காரணம் காட்டித் தேசிய அணியை விட்டே விலகினார். எர்டோகனோடு நின்றது சரியா என்பது தனிக் கேள்வி. ஆனால் இரண்டு நாடுகளுக்குச் சொந்தமானவரிடம்தான் எந்த நாட்டின் பக்கம் நிற்கிறாய் என்று கேட்கிறார்கள். எதையும் பேசாதே என்ற விதி, பேச எதுவும் இல்லாதவருக்குச் செலவில்லாத விதி.

விளையாட்டு வேறு, அரசியல் வேறு. வீரர் ஆட்டத்தைப் பார்க்கட்டும் என்பது அடுத்த வாதம். இதைச் சொல்லும் அரசுகளே இதை மதித்ததில்லை. 1974இல் டேவிஸ் கோப்பை இறுதிக்கு வந்த இந்தியா, எதிரணி நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாப்பிரிக்கா என்பதால் ஆட மறுத்தது. சென்னையின் விஜய், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் இருந்த அணி அது. முடிவு நியாயமானது, ஆனால் எடுத்தவர்கள் வீரர்கள் அல்லர், வாய்ப்பை இழந்தவர்கள் அவர்கள். 1980இல் மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்க ஆப்பிரிக்க நாடுகளைச் சம்மதிக்க வைக்க அதிபர் கார்ட்டர் அனுப்பிய தூதர் யார்? முகமது அலி. அந்த ஆண்டின் தொடக்கத்தில் சென்னைக்கும் வந்து காட்சிப் போட்டியில் ஆடிய அலி, இந்தியப் பயணத்தோடு அந்தத் தூதுக்குக் கிளம்பினார். தான்சானிய அதிபர் நைரேரே அவரைச் சந்திக்கவே மறுத்தார். வெளியுறவுக் கொள்கையை எதிர்த்ததற்காக ஒருகாலத்தில் தண்டிக்கப்பட்டவரை, அதே கொள்கையைச் சுமக்க அரசே அனுப்பியது. வீரருக்கு வெளியுறவு புரியாது என்ற வாதம் அப்போது யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

அமெரிக்கக் கறுப்பின டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷ் என்ன ஆனார் என்று இன்னொருவர் கேட்கலாம். தென்னாப்பிரிக்க நிறவெறியை ஆண்டுக்கணக்கில் எதிர்த்தவர். 1985இல் வாஷிங்டனில் தென்னாப்பிரிக்கத் தூதரகத்தின் முன் கைதானவர். ஹெட் நிறுவனத்தின் டென்னிஸ் மட்டையில் அவர் பெயர் நின்றது, பெரிய காப்பீட்டு நிறுவனத்தின் இயக்குநர் குழுவிலும் இடம் இருந்தது. ஆஷின் நிதானமான பேச்சுக்கும் கல்விக்கும் இதில் பங்குண்டு. ஆனால் அவர் கைதான அடுத்த ஆண்டே, அதிபர் ரீகனின் மறுப்பாணையைத் தள்ளி அமெரிக்க நாடாளுமன்றம் தென்னாப்பிரிக்காமீது பொருளாதாரத் தடை விதித்தது. ஆஷ் தன் நாட்டுப் பொதுக்கருத்துக்குச் சற்று முன்னே நடந்தார். அலி வெகுதொலைவு முன்னே நடந்தார். எவ்வளவு தூரம் முன்னே என்பதுதான் விலையைத் தீர்மானித்தது.

கடைசியாக, வலுவான வாதம்: நிறுவனத்தின் பணம், நிறுவனத்தின் விருப்பம். பேச வீரருக்கு உரிமை இருப்பதுபோல விலக நிறுவனத்துக்கும் உரிமை உண்டு. சட்டப்படி பெரும்பாலும் சரி. மெண்டன்ஹாலின் ஐயத்தைத் தன் பெயரோடு சேர்த்து விற்க எந்த நிறுவனத்தையும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் அவர் வழக்குத் தொடுத்தபோது, வழக்கை ஆரம்பத்திலேயே முடித்துவிடும்படி ஹேன்ஸ்பிராண்ட்ஸ் கேட்டதை 2012இல் நீதிபதி ஏற்கவில்லை. ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமை இருந்தாலும், அதை நேர்மையாகவும் காரணத்தோடும் பயன்படுத்தியதா என்று பார்க்க வேண்டும் என்பது நீதிபதியின் நிலைப்பாடு. பிறகு வழக்கு சமரசத்தில் முடிந்தது. பெரும்பான்மை வாடிக்கையாளரைப் புண்படுத்தும் செயல் என்று பொதுவாக எழுதிய ஒழுக்க விதி, சிறுபான்மைக் கருத்து எதையும் குற்றமாக்கிவிடும். சட்டவிரோதச் செயல், வெறுப்புப் பேச்சு, வன்முறைத் தூண்டல் என்று காரணங்களைத் தெளிவாக எழுதி, அரசியல் கருத்து மட்டுமே முறிவுக்குக் காரணமாகாது என்று சேர்ப்பது நிறுவனத்தை முடக்காது. வீரர் சங்கங்கள் கேட்கக்கூடிய, கேட்க வேண்டிய திருத்தம் இது. துணிச்சலை விளம்பரப்படுத்தும் நிறுவனங்களை எடைபோடும்போது நாமும் இதே அளவுகோலைப் பயன்படுத்தலாம்: முப்பது ஆண்டு கழித்துப் புகழ்வதில் பெருமையில்லை. சர்ச்சை நடக்கும் ஆண்டிலேயே அந்த நிறுவனம் தன் வீரரோடு நின்றதா என்பதுதான் கணக்கு.