மின்துடிப்பும் ஈஸ்ட் கலமும்

"கரண்ட்டக் குடுத்தா அது மௌத்தாகிடாதா மகன்?"

அப்பத்துக்கு மா புளிக்க வைத்துக்கொண்டிருந்த உம்மா கேட்டார். ஆய்வுகூடத்தில் ஈஸ்டுக்கு நான் என்ன செய்கிறேன் என்று விளக்கப்போய் மாட்டிக்கொண்டேன். கேள்வி நியாயமானது.

பாடநூல்களில் மதுவம் என்று படித்த ஈஸ்ட், ஒற்றைக் கலம். வெளியே கலச்சுவர், உள்ளே, சுமார் 5 நனோமீற்றர் தடிப்பில், கொழுப்பாலான மென்சவ்வு. டி.என்.ஏ. போன்ற பெரிய மூலக்கூறுகளை அந்தச் சவ்வு இலேசில் உள்ளே விடாது. கலத்தை மின்புலத்தில் வைத்தால் சவ்வின் இரு பக்கமும் அயன்கள் குவிகின்றன. குறுக்கே ஒரு வோல்ற்றளவு சேர்ந்தாலே போதும். ஒரு வோல்ற்றுத்தானே என்று எண்ணிவிடாதீர்கள். அந்த மெல்லிய சவ்வில் அது சென்ரிமீற்றருக்கு 20 இலட்சம் வோல்ற்றுக்குச் சமம். காற்றில் பொறி பறக்கவே ஏறத்தாழ 30,000 போதும். கொழுப்பு மூலக்கூறுகள் விலக, நீர் புகுந்து நுண்துளைகள் உண்டாகின்றன. துடிப்பு சில மில்லிசெக்கன்கள்தான். நின்றபின் சவ்வு மெல்ல மெல்ல மூடிக்கொள்ளும்.

துடிப்பு கூடினாலோ நீண்டாலோ உம்மா சொன்னதுதான் நடக்கும். மின்துடிப்பு பக்ரீரியாவையும் ஈஸ்டையும் கொல்வதையும், அதற்கு வெப்பம் காரணமல்ல என்பதையும் 1967இல் சேல், ஹமில்ட்டன் என்ற இருவர் காட்டினர். 1982இல் நொய்மான் குழுவினர் அதே வழியில் எலிக் கலங்களுக்குள் பரம்பரையலகைப் புகுத்தினார்கள். ஈஸ்டுக்கும் பிறகு இம்முறை வந்தது.

என் முதல் முயற்சி வெடித்தது. கலங்களைச் சரியாகக் கழுவவில்லை; உப்பு மிஞ்சியிருந்தது. 2 மில்லிமீற்றர் இடைவெளிக் குவளையில் 1,500 வோல்ற்று ஏற்ற, "டப்" என்று ஒரு சத்தம், ஒரு வெளிச்சம். ஒரு கிழமை வேலை போச்சு. உப்பு மின்னைக் கடத்திவிடும். அதனால்தான் குளிர்ந்த சோபிற்றோல் கரைசலில் திரும்பத் திரும்பக் கழுவுகிறோம். அது மின்னையும் கடத்தாது, கலம் ஊதி வெடிக்கவும் விடாது.

இவ்வளவு பாடு எதற்கு? வாப்பா நாளாந்தம் குத்திக்கொள்ளும் இன்சுலின் முன்பு பன்றி, மாட்டுக் கணையங்களிலிருந்து எடுக்கப்பட்டது. இன்று மனித இன்சுலினில் ஒரு பகுதியை, அதற்கான பரம்பரையலகு புகுத்தப்பட்ட ஈஸ்டே செய்து தருகிறது. ஈஸ்டுக்குள் அப்படிப் புகுத்தும் வழிகளில் மின்துடிப்பும் ஒன்று.

நல்ல நாளிலும் நிறையக் கலங்கள் சாகும். தப்பியவற்றிலும் சிலவே டி.என்.ஏ.யை ஏற்கும். உம்மாவிடம் அதைச் சொன்னேன்.

"அப்ப நான் சொன்னது சரிதானே" என்று மாச்சட்டியை மூடினார்.