சல்லடைக்குத் தெரியாத ருசி: ஆளுமைத் தேர்வும் நமது உரிமையும்

சேர்வராயன் மலைக் காப்பி சந்தைக்குப் போகுமுன் ஒரு சல்லடையைத் தாண்டியாக வேண்டும். தோல் நீக்கி உலர்த்திய கொட்டையைத் துளை அளவு வேறுவேறான சல்லடைகளில் இட்டுச் சலிப்பார்கள். பெரியது மேலே நிற்கும், சிறியது கீழே விழும், உருண்டையாக ஒற்றையாய் விளைந்த ‘பீபெரி’ தனியாகப் போகும். விலையும் அதற்கேற்ப மாறும். ஆனால் சல்லடை அளப்பது கொட்டையின் அளவை மட்டும்தான். வறுத்து அரைத்து டிகாஷன் இறக்கி ஒரு வாய் குடித்த பிறகுதான் ருசி தெரியும்.

இப்போது மனிதர்களையும் சலிக்கிறார்கள். அந்தச் சல்லடைக்குப் பெயர் ஆளுமைத் தேர்வு. ‘நீங்கள் கூட்டத்தோடு சேர்ந்து வேலை செய்ய விரும்புவீர்களா, தனியாகவா?’ ‘சண்டை வந்தால் பேசித் தீர்ப்பீர்களா, ஒதுங்கிப் போவீர்களா?’ என்று ஐம்பது, நூறு கேள்விகள். முடிவில் ‘நீங்கள் இன்ன வகை’ என்று ஒரு தாள்.

ஏற்காடு ஒன்றியத்தில் உள்ள மாரமங்கலம் போன்ற ஊராட்சிகளில், பிளஸ் டூவோ ஐ.டி.ஐ.யோ முடித்த பிள்ளைகள் வேலை தேடிச் சேலத்துக்கும் ஓசூருக்கும் பெங்களூருக்கும் இறங்குகிறார்கள். மலையாளி பழங்குடிக் குடும்பங்களில் முதல்முறையாக நேர்காணல் அறைக்குள் போகிறவர்கள் இவர்களில் உண்டு. அவர்களுக்கு இந்தத் தேர்வு மூன்று வாசல்களில் எதிர்ப்படலாம்: வேலைக்கு எடுக்கும் இடம், பள்ளி கல்லூரிச் சேர்க்கை, கைபேசிக்கு வரும் ‘விளையாட்டு’ இணைப்பு. மூன்றிலும் என்ன கேட்க வேண்டும், எதற்கு மறுக்கலாம், ஏமாந்தால் எங்கே போகலாம் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

தேர்வு எதை அளக்கிறது?

உளவியலாளர்கள் அதிகம் நம்பும் முறை ‘ஐந்து பண்பு’ அளவீடு. புதியதை ஏற்கும் மனம், பொறுப்புணர்வு, கலகலப்பு, இணக்கம், மனத் தத்தளிப்பு ஆகிய ஐந்தும் ஒருவரிடம் எவ்வளவு கூடுதல் குறைவாக இருக்கின்றன என்று இது பார்க்கிறது. நிறுவனங்களில் அதிகம் புழங்கும் ‘மையர்ஸ் பிரிக்ஸ்’ வேறு ரகம். கார்ல் யுங் 1921-ல் எழுதிய நூலை அடிப்படையாக வைத்து, அமெரிக்காவில் ஒரு தாயும் மகளும் உருவாக்கியது. மனிதர்களைப் பதினாறு வகையாகப் பிரிக்கிறது. சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் பலருக்கு வகை மாறிவிடுகிறது என்பது ஆய்வாளர்கள் இதன்மேல் வைக்கும் குறை. வேலைக்கு ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று இதைப் பரப்பும் அமைப்பே சொல்கிறது.

உறவுகளைப் புரிந்துகொள்ளவென்றே வந்தது ‘ஃபைரோ பி’. வில்லியம் ஷூட்ஸ் என்ற உளவியலாளர், அமெரிக்கக் கடற்படையில் யார் யாரோடு ஒத்துப் போவார்கள் என்று ஆராயும்போது உருவாக்கி 1958-ல் வெளியிட்டார். சேர்ந்திருத்தல், கட்டுப்பாடு, அன்பு என்ற மூன்று தேவைகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் நாம் பிறரிடம் காட்டுவது எவ்வளவு, பிறர் நம்மிடம் காட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பது எவ்வளவு என்று இரண்டு பக்கமும் அளக்கிறது.

ஒரு மகளிர் சுயஉதவிக் குழுவை வைத்துப் பார்க்கலாம். ஊக்குநருக்கு எல்லாவற்றையும் தானே முடிவு செய்தால்தான் நிம்மதி. உறுப்பினர் ஒருவருக்குத் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முடிவெடுத்தால் மனசு ஒடிந்துபோகும். இருவர்மேலும் தப்பில்லை. ஒருவர் தருவதும் மற்றவர் எதிர்பார்ப்பதும் பொருந்தவில்லை, அவ்வளவுதான். இதைத் தாளில் பார்த்து, ‘ஓ, இதனால்தான் போன மாதம் நீ முகம் கொடுக்கவில்லையா’ என்று பேச ஆரம்பித்தால் தேர்வு தன் வேலையைச் செய்துவிட்டது. அந்தத் தாளைக் காட்டி ‘நீ இந்தப் பொறுப்புக்கு லாயக்கில்லை’ என்று சொன்னால் கதை வேறு.

எல்லாம் பொருந்துவதுபோல் தெரிவது ஏன்?

1948-ல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைத் தேர்வு வைத்தார். ஒரு வாரம் கழித்து ஆளுக்கொரு முடிவுத் தாள் கொடுத்து, எவ்வளவு சரி என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரியாக 4.26 போட்டார்கள். அத்தனை தாளிலும் இருந்தது ஒரே வாசகம்தான். பெரும்பகுதி கடையில் விற்கும் ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது.

‘வெளியே தைரியமாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் உங்களுக்குக் கவலை உண்டு’ என்றால் யாருக்குத்தான் பொருந்தாது? கிளி எடுத்துப் போடும் சீட்டும் இப்படித்தான் பலிக்கிறது. ஆகவே ‘என்னை அப்படியே சொல்லிவிட்டது’ என்ற வியப்பு, தேர்வு தரமானது என்பதற்குச் சான்று ஆகாது.

மலைக்குப் பொருந்துமா?

‘விருந்துகளில் முன்பின் தெரியாதவர்களிடம் நீங்களே போய்ப் பேசுவீர்களா?’ என்ற கேள்வியைச் சேர்வராயன் மலைக் கிராமத்துப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். ஊரில் முன்பின் தெரியாதவர் யார்? பெரியவர்கள் இருக்கும் இடத்தில் அவர்கள் பேசிய பிறகு வாய் திறப்பது மரியாதை என்று வளர்ந்த பிள்ளை ‘இல்லை’ என்று குறித்தால், தேர்வு அவனைக் ‘கூச்சக்காரன்’ என்கிறது.

இது வெறும் ஊகமல்ல. பொலிவியாவில் வேட்டையும் சிறு விவசாயமுமாக வாழும் சிமானே பழங்குடியினர் 632 பேரிடம் ‘ஐந்து பண்பு’ அளவீட்டை வைத்துப் பார்த்த ஆய்வு 2013-ல் வெளியானது. உலகம் முழுக்கப் பொருந்தும் என்று கருதப்பட்ட அந்த ஐந்து பண்புகளும் அங்கே ஐந்தாகப் பிரிந்து வரவில்லை. படித்த, நகரத்து மக்களை வைத்து வடிவமைத்த சல்லடை, வேறு மாதிரி வாழும் மக்களிடம் தடுமாறுகிறது. ஆங்கிலத்தில் மட்டும் தேர்வு வைத்தால் சிக்கல் இரட்டிப்பு: அளக்கப்படுவது குணமா, ஆங்கிலமா என்றே தெரியாது.

ஆபத்து எங்கே?

*தகவல் களவு.* ‘திஸ் இஸ் யுவர் டிஜிட்டல் லைஃப்’ என்ற ஆளுமைத் தேர்வுச் செயலியை உலகம் முழுக்கச் சுமார் 2,70,000 பேர் பயன்படுத்தினார்கள். அது அவர்களுடைய முகநூல் நண்பர்களின் தகவலையும் சேர்த்து எடுத்தது. 8.7 கோடிப் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று 2018-ல் முகநூல் நிறுவனம் ஒப்புக்கொண்டது. அரசியல் பிரசாரத்துக்கு அந்தத் தகவலைப் பயன்படுத்திய நிறுவனம் கேம்பிரிட்ஜ் அனலிடிகா. இந்தியாவில் செயலியை நிறுவியவர்கள் 335 பேர், பாதிப்புக்கு உள்ளானதாகக் கணக்கிடப்பட்டவர்கள் 5,62,455 பேர். 2021 ஜனவரியில் சி.பி.ஐ. வழக்குப் பதிந்தது. ஒருவர் விளையாட்டாகத் தட்டிய பதில், தேர்வே எழுதாத நூற்றுக்கணக்கானோரின் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டது.

*வேலை மறுப்பு.* மனநோய் கண்டறிய உருவாக்கிய கேள்வித்தாள்களையும் சிலர் ஆள் எடுக்கப் பயன்படுத்துவது உண்டு. அமெரிக்காவில் ‘ரென்ட் எ சென்டர்’ என்ற நிறுவனம் பதவி உயர்வுக்கு அப்படி ஒரு தேர்வை வைத்தது. அது மருத்துவப் பரிசோதனைக்குச் சமம், சட்டவிரோதம் என்று 2005-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

*பணப் பறிப்பு.* ‘வேலை உறுதி, ஆளுமைத் தேர்வுக்கு மட்டும் கட்டணம்’ என்று வரும் குறுஞ்செய்தியில் பணம் கட்டச் சொன்னால் சந்தேகப்படுங்கள்.

*முத்திரை.* மணப்பெண்ணுக்கோ மாப்பிள்ளைக்கோ இணையத்தில் தேர்வு வைத்து ‘பொருத்தமில்லை’ என்று ஒதுக்குவதும், படிக்கும் பிள்ளையை ‘இவன் இந்த வகை’ என்று வகுப்பறையில் சொல்லிக் காட்டுவதும் காலத்துக்கும் ஒட்டிக்கொள்ளும்.

சட்டம் என்ன சொல்கிறது?

முதலில் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: தனியார் நிறுவனம் ஆளுமைத் தேர்வு வைக்கவே கூடாது என்று இந்தியாவில் தனிச்சட்டம் கிடையாது. ஆனால் பாதுகாப்பு பல சட்டங்களில் சிதறிக் கிடக்கிறது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அதற்கு முன்பே, 2010-ல் செல்வி வழக்கில், சம்மதம் இல்லாமல் உண்மை கண்டறியும் சோதனைகள் நடத்தக் கூடாது என்று அதே நீதிமன்றம் சொன்னது. அது குற்ற விசாரணை பற்றிய வழக்கு. என்றாலும், ஒருவர் மனதை அவர் அனுமதியில்லாமல் திறந்து பார்க்கக் கூடாது என்ற நெறி அதில் இருக்கிறது.

2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, எதற்காகத் தகவல் எடுக்கிறார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டும். அந்த அறிவிப்பைத் தமிழிலும் கேட்டுப் பெறலாம். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். தகவலைத் திருத்தவும் அழிக்கவும் கோரலாம். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். இதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. இந்த உரிமைகளும் நிறுவனங்கள்மீதான முக்கியக் கடமைகளும் நடைமுறைக்கு வர அப்போதிருந்து 18 மாத அவகாசம் உண்டு. அதுவரை 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் துணை நிற்கிறது. மனநலம் தொடர்பான தகவலை அதன் 2011 விதிகள் நுண்ணிய தகவல் என்கின்றன. புகார் கொடுத்தால் நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும்.

பள்ளிச் சேர்க்கைக்குக் குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டும் தேர்வு வைப்பதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு தடுக்கிறது. மீறினால் முதல்முறை ரூ.25,000 வரையும், அடுத்து ஒவ்வொரு முறையும் ரூ.50,000 வரையும் அபராதம். இது 6 முதல் 14 வயது வரையிலான படிப்புக்கு. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதையும் மனதில் வைக்க வேண்டும்.

ஒருவருக்கு மனநோய் என்று முடிவு கட்ட, அவர் எந்தச் சமூகம், எந்தப் பண்பாடு என்பதைக் காரணமாக்கக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். மருத்துவ உளவியலாளராகப் பணி செய்ய இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு வேண்டும்.

கையெழுத்துப் போடும் முன் ஐந்து கேள்வி

1. தேர்வின் பெயர் என்ன, யார் நடத்துகிறார்கள்?
2. தமிழில் எழுதலாமா?
3. முடிவை எனக்குக் காட்டுவீர்களா, யார் விளக்கிச் சொல்வார்கள்?
4. யாரெல்லாம் பார்ப்பார்கள், எப்போது அழிப்பீர்கள்?
5. இது ஒன்றை மட்டும் வைத்து என்னைத் தள்ளுவீர்களா?

வாயால் கேட்கத் தயக்கமாக இருந்தால் மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ கேளுங்கள். எழுத்தில் இருந்தால் பின்னால் அதுவே சான்று. கைபேசி இணைப்பாக வந்தால், தொடர்பு எண்கள், புகைப்படம், முகநூல் கணக்கு ஆகியவற்றுக்கு அனுமதி கேட்கும் தேர்வை அந்த இடத்திலேயே மூடிவிடுங்கள்.

பாதிப்பு நேர்ந்தால்

கேள்விகள், முடிவு, பணம் கட்டிய ரசீது எல்லாவற்றையும் திரைப்பதிவு எடுத்து வையுங்கள். முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள்.

இணையவழிப் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930. காசு வாங்கிக்கொண்டு பொய்ச் சேவை தந்திருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915, அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். அங்கே இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. குழந்தை தொடர்பானது என்றால் 1098. தேர்வு முடிவைப் பார்த்து மனம் கலங்கியவர்களுக்கு 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழில் ஆலோசனை கிடைக்கும்.

‘வக்கீலுக்கு எங்கே போவது’ என்று மலைவாசிகள் பின்வாங்க வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பழங்குடியினருக்கும் பட்டியல் இனத்தவருக்கும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச வழக்கறிஞர் உண்டு. எண் 15100. சேலத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. சாதிச் சான்றிதழ் நகலும் ஒரு மனுவும் கையோடு கொண்டுபோங்கள்.

ஆளைத் தெரிந்து வேலை கொடுப்பது பற்றித் ‘தெரிந்துதெளிதல்’ என்று தனி அதிகாரமே வைத்தவர் வள்ளுவர். ஒருவர் உயர்ந்தவரா தாழ்ந்தவரா என்பதை உரைத்துப் பார்க்கும் கல் அவருடைய செயல்தான் என்பது அவர் கணக்கு. தாளில் ‘கூச்சக்காரன்’ என்று வந்த பிள்ளை, மழையில் பாதை துண்டித்த இரவில் பிரசவ வலி கண்ட பெண்ணைச் சுமந்துகொண்டு மலை இறங்குகிறவனாக இருக்கலாம். அதைக் கேட்க எந்தத் தாளிலும் கேள்வி கிடையாது.

எந்தத் துளையில் தன்னைச் சலித்தார்கள் என்று காப்பிக் கொட்டையால் கேட்க முடியாது. நாம் கேட்கலாம்.